பழுது பார்த்துப் பிழைத்த ஊர்

மாநாட்டுக்காகக் கோயம்புத்தூர் வந்திறங்கும் விருந்தினர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும்போது டிரைவரை மேம்பாலத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரை பத்து கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் அந்தப் பாலத்தை 2025 அக்டோபரில்தான் திறந்தார்கள். இந்த ஊர்த் தொழில் முன்னோடி ஜி.டி. நாயுடு பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பொருத்தமான பெயர், நேரமும் மிச்சம். ஆனால் அதில் போகிறவர்களுக்கு ஊர் கண்ணில் படாது. கீழே பழைய அவிநாசி ரோட்டிலேயே வாருங்கள். கோவையின் நூற்றிச்சொச்ச வருஷத் தொழில் கதை அந்த ரோட்டின் பஸ் நிறுத்தங்களில் வரிசையாக நிற்கிறது.

மாநாட்டு மலருக்கு ஊர் அறிமுகம் எழுதுகிற நான் பேராசிரியன் இல்லை. பம்பு பவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுத்தே வயதானவன். அப்பா நூல் மில்லில் சைடர், அதாவது நூற்கும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர்; அம்மா அதே மில்லில் ரீலிங். ஆகவே இந்த ஊரை மிஷின்கள் வழியாகத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

வெளியூர் இன்ஜினியர்கள் வந்தால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. துறைமுகம் இல்லை, நிலக்கரி இல்லை, இரும்புத் தாது இல்லை, இருக்கிற நொய்யலும் மழைக்காலத்து ஆறு. இங்கே எப்படி இத்தனை தொழில் வந்தது? பருத்தி விளைந்தது, மின்சாரம் வந்தது என்று புத்தகங்களில் பதில் இருக்கும். அது சரிதான், ஆனால் பாதி பதில். பருத்தி விளைந்து மின்சாரமும் வந்த ஊர்கள் வேறு எத்தனையோ உண்டு. கோவைக்காரர்கள் அடுத்தவர் செய்த மிஷினைப் பழுது பார்க்கப் போய், பார்த்துப் பார்த்தே அதைச் செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் மீதிப் பாதி. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

நிறுத்தம் நிறுத்தமாக

விமான நிலையத்துச் சாலை அவிநாசி ரோட்டைத் தொடும் இடம் சித்ரா. யாரோ ஒரு அம்மணியின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தின் ஆங்கிலச் சுருக்கம் ஜனங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1956இல் தொடங்கிய நிறுவனம். பஞ்சின் இழை நீளத்தையும் நூலின் உறுதியையும் அளந்து, எந்த மிஷினில் எவ்வளவு பஞ்சு வீணாகிறது என்று மில்களுக்குக் கணக்குச் சொல்வது அதன் வேலை. பக்கத்தில்தான் கொடிசியா வளாகம். கோவை மாவட்டச் சிறுதொழில்காரர்கள் 1969இல் தங்களுக்காகத் தொடங்கிய சங்கம் கட்டியது. 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததும் அங்கேதான். புலவர்கள் உட்கார்ந்து ஆய்வுரை கேட்ட அதே கூடங்களில்தான் மற்ற நாட்களில் லேத்துகளும் பம்புகளும் கண்காட்சிக்கு நிற்கின்றன.

அடுத்தது ஹோப் காலேஜ். அந்தப் பெயரில் இன்றைக்குக் காலேஜ் கிடையாது. சென்னை மாகாண கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரில் 1945இல் ஜி.டி. நாயுடு முயற்சியால் இங்கே ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. அது பின்னால் அரசுக் கல்லூரியாகி இடமும் பெயரும் மாறிப் போய்விட்டது. இன்ஜினியரிங் படிக்க அத்தனை வருஷம் தேவையில்லை, பாதி காலம் போதும் என்று நாயுடு அரசாங்கத்தோடு வாதாடினார். பட்டறையில் வளர்ந்த எவருக்கும் அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் தெரியும்.

அதைத் தாண்டினால் பீளமேடு. கறுப்பு மண்ணில் பருத்தி விளைவித்த கிராமம். இங்கே பூ.சா. கோவிந்தசாமி நாயுடுவின் குடும்பம் 1926இல் ஒரு காரியம் செய்தது. சொத்தை ஐந்து பங்காக்கி, நான்கு மகன்களுக்கு நான்கு பங்கு, ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு என்று எழுதி வைத்தார்கள். பி.எஸ்.ஜி. நிறுவனங்கள் எல்லாம் அந்த ஐந்தாவது பங்கிலிருந்து முளைத்தவை. தொடக்கத்திலேயே ஒரு தொழிற்கூடமும் வைத்தார்கள். பையன்கள் அங்கே வேலையும் படித்தார்கள், விற்பனைக்குப் பம்பும் மோட்டாரும் செய்தார்கள். இன்ஜினியரிங் காலேஜ் வந்தது அதற்குப் பிறகு, 1951இல். முதலில் பட்டறை, அப்புறம் காலேஜ் என்ற இந்த வரிசையை மனதில் வையுங்கள். ஊர் முழுக்க அதே வரிசைதான்.

நவ இந்தியா என்ற நிறுத்தம் ஒரு தமிழ் நாளிதழின் ஞாபகம். பத்திரிகை நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. அதற்கடுத்து லட்சுமி மில். 1910இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கியது. அந்த வளாகத்தின் பழைய கட்டடங்களில் இப்போது கடைகளும் சாப்பாட்டு இடங்களும் இருக்கின்றன. ஒரு காலத்தில் பஞ்சு பேல் ஏற்றி மாட்டுவண்டிகள் வரிசை கட்டிய வாசலில் கார்கள் நிற்கின்றன. இடித்துத் தள்ளாமல் விட்டார்களே என்பதே எங்களுக்குப் பெரிய விஷயம்.

சங்கு ஊதிய காலம்

ஊரில் முதல் நூல் மில் 1888இல் வந்தது. தொடங்கியவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1858இல், பதினேழு வயதுப் பையனாகக் கோவைக்கு வந்து, நீலகிரிக் காப்பிக்கொட்டையைப் பதப்படுத்தும் தொழிலில் காலூன்றி, அப்புறம் மில்லுக்கு வந்தவர். 1866இல் நகராட்சி அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. போத்தனூருக்கு ரயில் வந்தது 1862இல். அங்கிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போட்டது 1873இல். மலைக்காப்பியும் தேயிலையும் இறங்க ஒரு வழி, பஞ்சும் மிஷினும் வந்து சேர ஒரு வழி என்று ஊர் நடுவில் மாட்டிக்கொண்டதே அதன் அதிர்ஷ்டம்.

இன்னொரு அதிர்ஷ்டம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை முழுச் சுவராக நிற்க, இந்த ஓர் இடத்தில் மட்டும் கதவு திறந்து கிடக்கிறது. கேரளத்து ஈரக்காற்று அதன் வழியே உள்ளே வரும். பஞ்சுக்கு ஈரப்பதம் முக்கியம். காற்று வறண்டால் இழை முறுக்கேறும்போதே படபடவென்று அறுந்துபோகும். சைடர் ஓடி ஓடி ஒட்டுப் போட வேண்டும். பிற்காலத்தில் மில் முதலாளிகள் அதே காற்றை வேறு விதத்திலும் பிடித்தார்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலை நட்டு, சொந்த மில்லுக்கு மின்சாரம் எடுத்தார்கள்.

இந்த மண்ணும் வெயிலும் வேறொரு தொழிலுக்கும் உதவின. சென்னை சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1900களின் முதல் பத்தாண்டிலேயே இங்கே இடம் மாறிவிட்டது. 1912இல் கரும்பு இன விருத்தி நிலையம் வந்தது. கரும்பு இங்கே நன்றாகப் பூக்கும், விதை பிடிக்கும். அதனால் ஒட்டுக் கட்ட வசதி. டி.எஸ். வெங்கட்ராமன் போன்றவர்கள் காட்டு நாணலோடு கரும்பை இணைத்து எடுத்த முதல் ரகம், கோ 205, 1918இல் வெளியாகி வடஇந்தியா போனது. 1974இல் வெளியான சுவின் என்ற மிக நீண்ட இழைப் பருத்தியும் கோவையில் பிறந்ததே.

1932இல் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் இறங்கியது. அதுவரை மில்லை ஓட்ட நீராவி வேண்டும், நீராவிக்கு எரிபொருள் வேண்டும், அதற்கு ரயில் கூலி வேண்டும். கம்பியில் மின்சாரம் வந்த பிறகு அந்தத் தலைவலி போயிற்று. அடுத்த சில வருஷங்களில் மில்கள் மளமளவென்று எழுந்தன. சிங்காநல்லூர், பீளமேடு, உப்பிலிபாளையம் என்று எங்கே பார்த்தாலும் புகைபோக்கியும் லைன் வீடுகளும். 1933இல் தென்னிந்திய மில்காரர்கள் தங்களுக்கு ஒரு சங்கமும் வைத்துக்கொண்டார்கள்.

அதே காலத்தில்தான் சிறுவாணித் தண்ணீரும் வந்தது. அதற்கு முன்னால் இந்த ஊர் குடிதண்ணீருக்குத் திண்டாடிய ஊர். பிளேக் அடித்து ஜனங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே குடிசை போட்டுத் தங்கிய ஊர். பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உண்டு, பூஜையும் நடக்கிறது. சிறுவாணியைக் கொண்டுவரலாம் என்று 1880களிலேயே எழுதியும் பேசியும் அலைந்தவர் பத்திரிகையாளர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. 1892இல் எழுந்த டவுன் ஹாலும் அவர் முயற்சிதான். திட்டத்தை முடித்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் நகராட்சித் தலைவர் ரத்தினசபாபதி முதலியார். ஆர்.எஸ். புரம் என்று நீங்கள் காப்பி குடிக்கப் போகும் பகுதி அவர் பெயரில் இருப்பதுதான். மில்லுக்கு ஆள் வேண்டுமென்றால் ஆள் குடிக்கத் தண்ணீர் வேண்டும். நூலும் நீரும் ஒரே காலத்தில் வந்தது தற்செயல் இல்லை.

மில்லில் எல்லாம் சங்குக் கணக்கு. ஒன்றாம் ஷிப்ட், அரைநைட், முழுநைட். சங்கு ஊதுவதைக் கேட்டுத்தான் லைன் வீடுகளில் உலை வைப்பார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். பஞ்சு புளோரூமில் உடைபட்டு, கார்டிங்கில் சீவப்பட்டு, சிம்பிளக்ஸில் திரியாகி, ஸ்பின்னிங்கில் நூலாகும். அம்மா அந்த நூலைச் சிட்டமாகச் சுற்றுவார். அது கைத்தறிக்காரர்களுக்குப் போகும். அப்பாவுக்குத் திங்கட்கிழமை என்றால் பயம். ஞாயிறு லீவு முடிந்து உள்ளே போன அன்று சாயங்காலம் நெஞ்சை இறுக்கிக்கொண்டு இருமல் வரும். வாரத்தின் மற்ற நாட்களில் குறையும். பஞ்சுத் தூசி நுரையீரலில் செய்கிற வேலை அது என்று டாக்டர்கள் பின்னால் சொன்னார்கள். அப்போது எங்கள் வீட்டில் அதற்குத் திங்கக்கிழமை இருமல் என்று பெயர். கருப்பட்டியும் சுக்கும்தான் மருந்து.

கிணற்றிலிருந்து பவுண்டரி

இப்போது பம்புக்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி என்ற நீண்ட இழைப் பருத்தி இந்தப் பக்கம் வந்தது. மில்லில் நல்ல விலை. ஆனால் அதற்குத் தோட்டப் பாசனம் வேண்டும். கொங்குநாட்டில் தோட்டம் என்றால் கிணறுதான். பாறையை வெடி வைத்து உடைத்து இறங்கிய கிணறுகள். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும். அந்த ஆழத்திலிருந்து மாட்டைப் பூட்டிக் கவலை இறைப்பார்கள். மாடு முன்னே போனால் தோல்பறி மேலே வரும், பின்னே வந்தால் கீழே இறங்கும். விடியற்காலையில் பூட்டினால் மாட்டுக்கும் ஆளுக்கும் நாக்குத் தள்ளும். பருத்தி விற்று நாலு காசு பார்த்த விவசாயி முதலில் வாங்க ஆசைப்பட்டது ஆயில் இன்ஜினும் பம்பும்தான். அந்நாளில் அவை கப்பலில் வந்தன.

கப்பலில் வந்தது உடையும்போது என்ன செய்வது? மில்லிலும் இதே பாடு. நூல் நூற்கும் ரிங் பிரேம் லங்காஷயரிலிருந்து வரும். அதன் ஒரு பல்சக்கரத்தில் ஒரு பல் போனால் பதில் சக்கரம் வர மாதக்கணக்காகும். மில் பிட்டர்கள் உள்ளூர்ப் பட்டறைக்கு ஓடி வருவார்கள். இப்படிப் பழுதுக்கு வந்ததை வைத்தே பவுண்டரிகள் பிழைத்தன. 1920களில் கிளம்பிய தண்டாயுதபாணி பவுண்டரி போன்றவை கரும்பு ஆலையும் விவசாயச் சாமான்களும் வார்த்துப் பழகி, பிறகு பம்புக்கு வந்தன. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து மின்மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் என்று ஊர் பெருமைப்படுவது அதைத்தான். பைக்காரா மின்சாரம் வந்து ஐந்து வருஷத்தில் மோட்டார் வந்துவிட்டது பாருங்கள். கம்பியில் மின்சாரம் இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, நடுவில் வைக்க ஒரு சாமான்தான் பாக்கி.

பிறகு உலகப் போர் வந்தது. கப்பல் நின்றது. உதிரி பாகம் வருவதும் நின்றது. மில்கள் மட்டும் நிற்கவில்லை; நூலுக்கு நல்ல கிராக்கி. பல்சக்கரம், ஸ்பிண்டில், ரோலர் என்று எதையெல்லாம் இங்கேயே செய்ய முடியுமோ அத்தனையும் செய்ய வேண்டிய கட்டாயம். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு அந்தக் கட்டாயத்தை நீட்டித்தது. பாலசுந்தரத்தின் டெக்ஸ்டூல் ஜவுளி மிஷின்களே செய்தது. 1962இல் லட்சுமி மில் குடும்பத்து ஜி.கே. தேவராஜுலு, சுவிட்சர்லாந்து ரீட்டர் கம்பெனியின் ஒத்துழைப்போடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸைத் தொடங்கினார். லங்காஷயர் மிஷினைப் பழுது பார்த்த ஊர், எழுபத்தைந்து வருஷத்துக்குள் மிஷினையே விற்கத் தொடங்கிவிட்டது.

நான் பார்த்த வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். பேட்டர்ன் என்பது மண்ணில் அச்சுப் பதிக்கிற மர மாதிரி. உருக்கிய இரும்பை அந்த மண் அச்சில் ஊற்றினால் ஆறும்போது சுருங்கும். அடிக்குக் கால் அங்குலத்தில் பாதி, மீட்டருக்குப் பத்து மில்லி என்பது வார்ப்பிரும்புக் கணக்கு. ஆகவே பேட்டர்ன் செய்கிறவன் கையில் இருக்கும் ஸ்கேல் மற்றவர்கள் ஸ்கேல் மாதிரி இருக்காது. ஒவ்வொரு அங்குலமும் அந்தச் சுருக்கத்துக்கு ஏற்ப நீட்டிப் போட்டிருக்கும். தெரியாதவர்கள் எடுத்து அளந்தால் வீட்டு ஜன்னல் சட்டம் கூடச் சரியாக வராது. அப்புறம் மண்ணிலிருந்து பேட்டர்னை உருவும்போது மண் உதிரக் கூடாது. அதற்காகப் பக்கங்களை இலேசாகச் சரித்துச் சீவ வேண்டும். லேத்தில் கடைந்து எடுக்க வேண்டிய முகத்தில் இரண்டு மூன்று மில்லி கூடுதலாக விட வேண்டும். உள்ளே கூடாக வர வேண்டிய இடத்துக்குத் தனியாக மண் கோர்; அந்தக் கோருக்குத் தனிப் பெட்டி. பம்பின் இம்பெல்லர் என்றால் இறகுகள் வளைந்து வளைந்து போகும். ஒரு இறகின் கனம் நூலளவு மாறினாலும் பம்பு தண்ணீரை அதே உயரத்துக்குத் தள்ளாது. தேக்கில் இழைத்து, அரக்கு வார்னிஷ் அடித்து, விரல் நுனியால் தடவிப் பார்த்துத்தான் கொடுப்போம். கண் ஏமாறும், விரல் ஏமாறாது என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி சொல்வார்.

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி உடைந்த இன்ஜின் பாகத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது. "ஏனுங்க, இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்லீங்களாமா" என்றார். முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பெனி இல்லாட்டிப் போகுதுங்க. சாமான் இருக்குதல்லங்க? வெள்ளிக்கிழமை வாங்க" என்றார். உடைந்த இரண்டு துண்டையும் ஒட்டவைத்து அளவெடுத்து நான் பேட்டர்ன் போட்டேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போனார். இப்படி ஒரு சாமானுக்காக அச்சுப் போட்டுப் போட்டுத்தான் எங்களுக்கு எல்லா நாட்டு மிஷினும் பழக்கமாயிற்று.

நாட்டில் விற்கும் மோட்டார் பம்புகளில் ஏறக்குறைய பாதி கோவைச் சரக்கு என்று தொழில் சங்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பெரிய கம்பெனிப் பெயர் ஒட்டிய பம்பானாலும் அதற்குள் பத்துப் பட்டறையின் வேலை இருக்கும். வார்ப்பு ஒருவர், கடைசல் ஒருவர், ஷாப்ட் ஒருவர், காயில் சுற்றுவது ஒருவர், பெயின்ட் ஒருவர். எல்லாம் ஜாப் ஒர்க். கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ பக்கம் சந்து சந்தாக இந்தப் பட்டறைகள்தான். வாசலில் டிவிஎஸ் எக்ஸெல் நிற்கும். பின்னால் இரண்டு டஜன் மோட்டார் கவர்கள் கட்டியிருக்கும். ஊரின் உற்பத்தி வரிசை தெருவில்தான் ஓடுகிறது.

இதே பட்டறைக் கூட்டத்திலிருந்து 1955இல் வந்ததுதான் கிரைண்டர். சபாபதி என்பவர் செய்தார். வீட்டு ஆட்டுக்கல்லில் கல் சும்மா இருக்கும், குழவியைச் சுற்றுவோம். கிரைண்டரில் அதைத் தலைகீழாக்கினார்கள். குழவியை நிறுத்திவிட்டுக் கல்லைச் சுற்றவிட்டார்கள். அப்படிச் செய்ததும் மோட்டாருக்கு அது சுலபமான வேலையாகிவிட்டது. கல் ஊத்துக்குளிப் பக்கத்துப் பாறை, மோட்டார் உள்ளூர், பெல்ட்டும் பெட்டியும் பக்கத்துத் தெரு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களின் தோள்வலியைக் குறைத்தவர்கள் என்று பட்டியல் போட்டால் ஒரு கோவைப் பட்டறைக்காரர் பெயர் முதலில் வரும்.

ஜி.டி. நாயுடுவைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. அவர் பெயரில் அருங்காட்சியகமே அவிநாசி ரோட்டில் இருக்கிறது. 1893இல் கலங்கலில் பிறந்து, பள்ளிப்படிப்பு ஏறாமல், ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித் தொழில் படித்து, 1920இல் பொள்ளாச்சி - பழனி தடத்தில் ஒற்றைப் பஸ்ஸோடு தொடங்கியவர். அந்தப் பஸ்ஸுக்குப் பாதிப் பணம் கொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அருங்காட்சியகத்தில் ரேஸரையும் ஓட்டுப் பதிவு மிஷினையும் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு அவர் பிரித்துப் பார்த்ததுதான் பெரிது. சினிமாவுக்கும் இந்த ஊரில் அதே புத்திதான். ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். 1914இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் வைத்தார்.

கொடுத்த விலை

அறிமுகக் கட்டுரை என்பதற்காக நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய வ.உ.சிதம்பரனார் 1908இல் தண்டனை பெற்றுச் செக்கிழுத்தது கோவைச் சிறையில். அதே சிறையில் 1946 ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். மில்லில் நடந்த மோதலில் ஒருவர் இறந்துபோன வழக்கு அது. அதே வருஷம் நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் பல உயிர் போயிற்று. எட்டு மணி நேர வேலையும் போனஸும் பி.எப்.பும் இந்த ஊரில் யாரும் தட்டில் வைத்து நீட்டியவை அல்ல.

நலிந்த மில்களை 1974இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. ஸ்டேன்ஸ் மில், பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ் எல்லாம் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் கீழ் வந்தன. 2020 மார்ச் ஊரடங்கில் நிறுத்திய அவற்றின் மிஷின்கள் பிறகு முன்போல ஓடவில்லை. தனியார் மில்கள் சில ஊரை விட்டு வெளியே போயின, சில வீட்டுமனைகளாயின. பட்டறைகளும் தப்பவில்லை. 2012ஐ ஒட்டிய மின்வெட்டில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. ஜாப் ஒர்க் செய்கிறவனுக்கு லேத் ஓடினால்தான் கூலி. கடன் வாங்கி ஜெனரேட்டர் வைத்தவர்களும் உண்டு, லேத்தை எடைக்குப் போட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனவர்களும் உண்டு. என் தொழிலையும் இப்போது கம்ப்யூட்டர் மிஷின் அலுமினியத்தில் கடைந்து கொடுத்துவிடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, அளவு சுத்தமாக வருகிறது. அதை ஓட்டுகிற பையன் அச்சில் மண் ஏன் உதிர்கிறது என்று தெரிந்துகொள்ளாமலே போகிறானே என்பதுதான் குறை.

விருந்தினர்களுக்கு

உங்கள் நிகழ்ச்சி நிரலில் ஊர் பார்க்க அரை நாள் ஒதுக்கியிருப்பார்கள். மருதமலைக்குப் போங்கள், பேரூர்க் கோயில் சிற்பங்களைப் பாருங்கள், அரிசிம்பருப்பு சாதம் சாப்பிடுங்கள். அதில் ஒரு மணி நேரத்தை மட்டும் எங்களுக்கு விடுங்கள். கணபதிப் பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஒரு பட்டறை திறந்திருக்கும். "பார்க்கலாமுங்களா" என்று கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. டீயும் வாங்கித் தருவார்கள். இந்தச் சாமானைச் செய்ய எங்கே படித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ரிப்பேருக்கு வந்ததைப் பிரித்துப் பார்த்துப் படித்தோம் என்பார் கிழவர். காலேஜில் படித்துவிட்டு வந்தேன், மீதியை அப்பாகிட்டப் படித்தேன் என்பார் மகன்.

கடைசியாக ஒன்று. மாநாடு முடியும்போது தீர்மானங்கள் போடுவீர்கள். அவற்றோடு ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடக்கும் மில்களில் ஒன்றையாவது மனைக்கும் மாலுக்கும் கொடுக்காமல், புளோரூம் முதல் ரீலிங் வரை மிஷின்களோடும் சங்கோடும் அப்படியே காப்பாற்றி, பள்ளிப் பிள்ளைகள் ஓட்டிப் பார்க்கிற இடமாக வைக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதுங்கள். அந்த மிஷின்களை ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. பத்து வருஷம் கழித்து இதே தீர்மானத்தைப் போட்டால் மிஷின் கிடைக்கலாம், சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்க மாட்டார்கள்.